மூன்றாவது பங்கர்

"அது என்ன, தோட்டத்துல விளைஞ்ச கேரட்டா? பிடுங்கி ஓரமாப் போட்டிருக்கீங்க?"

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டும் சிட்செல் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுக்கவில்லை. முக்காலியில் நிற்கும் பெரிய காமிராவின் பின்பக்கக் கண்ணாடியில் அப்போதுதான் வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. மேட்டின் விளிம்பில், கடலைப் பார்த்துச் சாய்ந்து நிற்கும் ஒரு பங்கர். யுத்தத்தில் நாட்டைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் ராணுவத்துக்காக நாற்பத்து நாலு வருடங்களுக்கு முன் கொட்டிய கான்கிரீட். அதன் நெற்றியில் உப்பு வழிந்த கோடுகள்...

"ஒரு நிமிஷம்," என்றாள் துணிக்குள்ளிருந்தே.

"துணியோட எல்லாம் எனக்குப் பேசிப் பழக்கமில்லைங்க. முகத்தைக் காட்டினா நல்லாருக்கும்."

ஷட்டரை அழுத்திய பிறகுதான் வெளியே வந்தாள். எதிரே மஞ்சள் மழைக்கோட்டில் நெட்டையாக ஒருவன். பூட்ஸ் முழுக்கக் களிமண். கையில் அவள் பிடுங்கிப் போட்ட சிவப்பு வெள்ளைக் கம்பு. மழைக்கு முந்தின கடலுக்கு ஒரு நிறம் உண்டே, சாம்பலும் இல்லாமல் நீலமும் இல்லாமல்... அந்த நிறத்தில் கண்கள். கோபமாக இருக்க முயன்றுகொண்டிருந்தன. பாவம், முடியவில்லை.

"படத்துக்கு நட்ட நடுவுல நின்னுச்சு," என்றாள். "எடுத்து முடிச்சதும் திரும்ப நட்டுடலாம்னுதான்..."

"எங்க நடுவீங்க?"

"இருந்த இடத்துலதான். இதோ... இங்க."

"இருந்தது அங்க இல்லைங்க. அங்க நட்டீங்கன்னா, இந்த வருஷம் கடல் ஒரு அடி மண்ணுகூட எடுக்கலைன்னு அரசாங்கத்துக்கு எழுதிப் போகும். எல்லாரும் சந்தோஷப்படுவாங்க. எங்க வீடு மட்டும் ஒருநாள் கடல்ல கிடக்கும்." அவன் முழங்காலிட்டு நாடாவைப் பிரித்தான். "கரை எவ்வளவு கரையுதுன்னு மாசா மாசம் அளக்கிறதுதான் எனக்கு வேலை. எட்டு வருஷமா இந்தக் கம்பு இங்க நிக்குது. இதை அசைக்க இதுவரைக்கும் புயலாலகூட முடியல. உங்களால முடிஞ்சுடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள். அப்போது மழை பிடித்துக்கொண்டது. ஜட்லாந்தின் மேற்குக் கரை மழை மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து கன்னத்தில் அறையும். இருவரும் காமிராவை ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடினார்கள்.

உள்ளே ஈர மணல் வாசனை. துப்பாக்கி நீட்டும் பிளவு வழியாகக் கடல் ஒரு நீளமான ரிப்பனாகத் தெரிந்தது. அவன் ஃபிளாஸ்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி அவளிடம் நீட்டினான்.

"சண்டை போட்டவங்களுக்கெல்லாம் காபி குடுப்பீங்களா?"

"கம்பைப் பிடுங்கினவங்களுக்கு மட்டும். என் பேர் எஸ்கில். எஸ்கில் ஸ்கோவ்."

அவள் மூடியை வாயிலிருந்து எடுத்தாள். ஸ்கோவ்... இந்த வெஸ்டர்ஹோய் கிராமத்தில் அந்தப் பெயரில் ஒரே ஒரு வீடுதான் உண்டு.

"சிட்செல்," என்றாள். "ஆல்போர்க்ல இருந்து வரேன். மியூசியத்துக்காகப் படம் எடுக்கிறேன்."

பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. அவள் பிறந்தது இந்த ஊரில். ஆறு வயதில் இங்கிருந்து போனவள். அவளுடைய அப்பா ஆன்டர்ஸ் டோஃப்ட்டை இந்த ஊர் 'கான்கிரீட் ஆன்டர்ஸ்' என்றுதான் கூப்பிட்டது, கூப்பிட வேண்டி வந்தபோது. ஜெர்மன்காரர்களுக்குப் பங்கர் கட்டப் போனவன் என்று ஒதுக்கி வைத்தது. ஒதுக்கியவர்களுக்குத் தலைவர் லவுரிட்ஸ் ஸ்கோவ்.

போன ஏப்ரலில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பா ஒரு காகிதத்தில் ஏழு பங்கருக்கு ஏழு கட்டம் வரைந்து காட்டினார். "வடக்கிலேருந்து மூணாவது. கான்கிரீட் காயறதுக்கு முன்னாடி ஆணியால எழுதினேன். என் பேர் இருக்கு. கடல் எடுத்துக்கிறதுக்குள்ள ஒரு படம் எடுத்து வச்சுக்கம்மா." மூன்று நாளில் போய்விட்டார்.

மழை விட்டது. "நாளைக்கும் வருவீங்களா?" என்று எஸ்கில் கேட்டான். கம்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"எந்தக் கம்பையாவது பிடுங்கணுமே..." என்றாள் சிட்செல்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும்.

செப்டம்பர் முழுக்க அப்படியே போனது. காற்றில் கறுப்புத் துணி பறக்காமல் அவன் பிடித்துக்கொள்வான். கூட்டுறவுக் கடை மாக்டாவிடம் ரொட்டி வாங்கி வருவான். ஒருநாள் துணிக்குள் தலையை விட்டவள் கண்ணாடியில் அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"என்ன, தலைகீழாத் தெரியுறேனா?"

"ஆமா. இதுல எல்லாமே தலைகீழாத்தான் தெரியும்."

"எப்படி இருக்கேன்?"

"நேரா இருக்கிறதுக்கு இது தேவலாம்."

அவன் சிரித்தான். அவள் ஷட்டரை அழுத்த மறந்தாள்... முப்பத்தாறு வயசு, ஒரு விவாகரத்து, இனிமேல் இதெல்லாம் எதுக்கு என்று துணிக்குள்ளேயே தன்னைத் திட்டிக்கொண்டாள். வேறு யார் வீட்டுப் பிள்ளையாகவாவது இவன் இருந்திருக்கக் கூடாதா? 'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டான். மறுத்திருக்கலாம். அவன் அப்பா லவுரிட்ஸின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றிருந்தது.

லவுரிட்ஸ் ஸ்கோவுக்கு எழுபத்தொன்பது வயது. முதுகு வளையவில்லை. மேசையில் கறுப்பு ரொட்டி, ஊறிய ஹெர்ரிங் மீன், சின்னக் கோப்பைகளில் சாராயம். ஜன்னலுக்கு வெளியே பதினோரு மீட்டரில் நிலம் முடிந்து வானம் ஆரம்பித்தது.

"வாம்மா, உட்காரு. பங்கரையெல்லாம் படம் எடுக்கிறியாமே. அதுல என்ன அழகைக் கண்டே?"

"அழகுக்காக இல்லைங்க. விழுந்து போறதுக்கு முன்னாடி..."

"விழட்டும். நல்லா விழட்டும்." இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்தார். "இந்தக் கை அவனுங்களுக்காக ஒரு மண்வெட்டிகூடத் தூக்கினதில்லை. உருளைக்கிழங்கு தின்னுக்கிட்டுக் கிடந்தோம், போகல. போனவன் ஒருத்தன் இருந்தான், கான்கிரீட் ஆன்டர்ஸ்னு. சண்டை முடிஞ்சப்புறம் அவனுக்கு இந்த ஊர்ல ஒரு ஆள் வணக்கம் சொல்லல. பன்னெண்டு வருஷம் தாக்குப் பிடிச்சான். அப்புறம் பொண்டாட்டி பிள்ளையோட ஓடிட்டான்."

ஓடவில்லை, என்று நினைத்தாள் சிட்செல். நடந்துதான் போனோம், பஸ் நிற்கும் இடம் வரைக்கும். அம்மா கையில் தையல் மெஷின். என் கையில் பூனை இருந்த கூடை. எல்லா வீட்டிலும் ஜன்னல் திரை அசைந்தது. ஒருத்தர் வெளியே வரவில்லை.

"அப்பா அந்த விஷயத்துல கல்லு மாதிரி," என்றான் எஸ்கில். அவன் குரலில் பெருமை இருந்தது. அவள் ஹெர்ரிங்கை மென்றாள். விழுங்கினாள். "மீன் நல்லாருக்கு," என்றாள்.

அக்டோபர் நடுவில் ஒரு புயல் வந்தது. இரண்டு நாள் கழித்துக் கடல் உள்வாங்கியபோது கரையே வேறு மாதிரி இருந்தது. மூன்றாவது பங்கர் மேட்டிலிருந்து எப்போதோ சரிந்து கீழே மணலில் கிடந்தது. அதற்குள் இடுப்பளவு நிரம்பியிருந்த மணலை அலை வழித்து எடுத்திருந்தது. சிட்செல் குனிந்து உள்ளே போனாள்.

நுழைவாயிலுக்குப் பக்கத்துச் சுவர். முழங்கால் உயரம். விரலால் ஈரத்தைத் துடைத்தாள்.

ஆன்டர்ஸ் டோஃப்ட்.

அப்பாவின் எழுத்து. சின்னச் சின்னதாக, இடம் அடைக்கக் கூடாது என்பதுபோல. அதைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தவளுக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கீழே இன்னொரு வரி இருப்பது தெரிந்தது. பெரிய எழுத்து. கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு சுழி வேறு.

லவுரிட்ஸ் ஸ்கோவ். 12 ஆகஸ்ட் 1943.

'என் பேர் இருக்கு' என்றுதான் அப்பா சொன்னார். 'எங்க பேர்' என்று சொல்லவில்லை. நாற்பது வருடத்தில் ஒரு நாள், குடித்திருந்த நாளில்கூட, அவர் சொல்லவில்லை.

அவள் அழுதாள். அழுது முடித்து, முக்காலியைச் சரியாக ஊன்றி, அதன்மேல் காமிராவை நிறுத்தினாள். நான்கு படம் எடுத்தாள்.

மறுநாள் மத்தியானம் எஸ்கிலைத் தன் வாடகை வீட்டுக்கு வரச் சொன்னாள். குளியலறைதான் அவளுக்குப் படம் கழுவும் இருட்டறை. அச்சிட்ட படம் இன்னும் ஈரமாகக் கொடியில் தொங்கியது. ஜன்னல் மறைப்பை விலக்கினாள்.

"பாரு."

அவன் பார்த்தான். அப்பாவின் கையெழுத்து தெரியாத பிள்ளை உண்டா...

"மேல இருக்கிறது எங்கப்பா," என்றாள் சிட்செல். "நான் ஆன்டர்ஸ் டோஃப்ட்டோட பொண்ணு."

"பள்ளிக்கூடத்துல... ரெண்டு சடை போட்டுக்கிட்டுச் சுவரோரமா நிக்கும் ஒரு பொண்ணு..."

"நான்தான். நீங்க எல்லாரும் சிமெண்ட் மூட்டைன்னு கூப்பிடுவீங்க."

அவன் ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தாள். உங்கப்பா என்று ஒரு சொல் ஆரம்பித்தால்கூடப் போதும் என்றிருந்தது. மழை ஜன்னலில் ஊர்ந்தது.

"இதை வேற யாருக்காவது காட்டினியா?" என்றான் எஸ்கில்.

அவளுக்குள் ஏதோ சட்டென்று ஆறிப்போனது.

"இல்லை."

"அவருக்கு எழுபத்தொன்பது வயசாச்சு, சிட்செல். இன்னும் எத்தனை நாள்? அவர் போற வரைக்கும்... அதுவரைக்கும் இதை..."

"எங்கப்பா ஏப்ரல்லயே போயிட்டார். அடக்கத்துக்குப் பத்துப் பேர் வந்தாங்க. இந்த ஊர்லேருந்து ஒருத்தர் இல்லை."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். கேட்டியே, அதுக்குப் பதில் சொன்னேன்."

அவன் முகம் சிவந்தது. "இதுக்காகத்தான் என்கூடப் பழகினியா? அந்தச் சுவத்தைத் தேடி வந்த வழியில நான் கிடைச்சேன், இல்லையா? எங்க வீட்டு மேசையில உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு..."

"கதவைச் சாத்திட்டுப் போ," என்றாள்.

சாத்திவிட்டுத்தான் போனான்.

மறுநாள் காலை கடல்மூடுபனி விலகியதும் இன்னொரு படம் எடுக்கலாம் என்று மூன்றாவது பங்கருக்குப் போனாள். உள்ளே நுழையும்போதே காலடியில் பொடி நறநறத்தது. அப்பாவின் பெயர் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே இரண்டு சாண் நீளத்துக்கு வெள்ளையாக, புண் போல ஒரு பள்ளம். உளி வைத்து அடித்திருந்தான். நிதானமாக, மேல் வரியில் படாமல், தேதியையும் சேர்த்து.

இந்தத் தடவை அழுகை வரவில்லை. அப்பாவை மறுபடியும் தனியாக நிற்க வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். அதையும் படம் எடுத்தாள். அன்றைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆல்போர்க் போய்விட்டாள். நவம்பரில் ஒரு புயலில் அந்தப் பங்கர் இரண்டாகப் பிளந்து அலைக்குள் போய்விட்டது என்று பேப்பரில் படித்தாள்.

அவன் கடிதம் எழுதவில்லை. எழுதினால் கிழித்துப் போடுவது என்று வைத்திருந்தாள். தபால்காரர் வரும் நேரத்துக்கெல்லாம் ஜன்னலுக்குப் போவது மட்டும் நிற்கவில்லை...

ஜனவரியில் கரைப்பக்கத்து டவுனில் இருந்த மியூசியத்தில் கண்காட்சி. நாற்பது படங்கள். வெஸ்டர்ஹோய்காரர்கள் ஒரு பஸ் வைத்துக்கொண்டு வந்தார்கள். சிட்செல் தூண் ஓரமாக நின்றாள். மாக்டா வந்தாள், கைத்தடியோடு. லவுரிட்ஸ் வந்தார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்த முதுகோடு. அவருக்குப் பின்னால் எஸ்கில். மெலிந்திருந்தான். அவளைப் பார்த்ததும் கண்களைத் தாழ்த்தினான்.

கடைசிச் சுவரில் அந்தப் படம். கீழ் வரியில் உளி பட்ட பிறகு எடுத்தது. கீழே ஒரே வரி: ஆன்டர்ஸ் டோஃப்ட், என் அப்பா.

லவுரிட்ஸ் அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கண் நேராக மேல் வரிக்குக் கீழே போனது. வெள்ளைப் பள்ளத்தைப் பார்த்தது. தோள்கள் மெல்ல இறங்கின. அது நிம்மதி. தன் அப்பாவின் முகத்தில் அந்த நிம்மதியை எஸ்கில் பார்த்தான்.

"ஆக, நீ அவன் பொண்ணா?" என்றார் லவுரிட்ஸ், சிட்செல் பக்கம் திரும்பி. "பாருங்க எல்லாரும். பேரையே எழுதி வச்சிருக்கான், என்னமோ கோயில் கட்டின மாதிரி."

"கீழ இன்னொரு பேர் இருந்திருக்கும் போலிருக்கே," என்றார் யாரோ.

"யாரா இருந்தா என்ன? அவனை மாதிரி இன்னொருத்தன்."

"நீங்கதாம்பா," என்றான் எஸ்கில்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அறை முழுக்கக் கேட்டது.

"கீழ இருந்தது உங்க பேர். சுழி போட்ட உங்க கையெழுத்து. நான் பார்த்தேன். நான்தான் உளி வச்சுச் செதுக்கி எடுத்தேன்."

"பொய் சொல்றான்," என்றார் லவுரிட்ஸ். கூட்டத்தைப் பார்த்தார். "பொய்."

யாரும் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் சிட்செலுக்குப் புரியவில்லை. எல்லாரும் தரையையும் தங்கள் கையுறையையும் பார்த்தார்கள். கடைசியில் மாக்டாதான் வாயைத் திறந்தாள்.

"விடு லவுரிட்ஸ். எங்களுக்குத் தெரியாததா... எங்க வீட்டுக்காரரும் உன்கூட அதே லாரியிலதானே போனார். ஊர்ல பாதிப் பேர் போனாங்க. வேற வேலை எங்க இருந்துச்சு?" அவள் சிட்செலைப் பார்த்தாள். "சண்டை முடிஞ்சதும் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்கம்மா. யார் யார் போனதுன்னு கேட்டாங்க. உங்கப்பா ஒருத்தன்தான் கையைத் தூக்கினான். திரும்பிப் பார்த்தான், மத்தவங்களும் தூக்குவாங்கன்னு. நாங்க... அவன் தூக்கிட்டானே, அது போதும்னு இருந்துட்டோம்."

சிட்செல் படத்தில் இருந்த அப்பாவின் பெயரைப் பார்த்தாள். கையைத் தூக்கியபடி திரும்பிப் பார்த்த அப்பா... எவ்வளவு நேரம் அப்படித் தூக்கி வைத்திருந்தார் என்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை.

லவுரிட்ஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டார். மகனைக் கடக்கும்போது, "வீட்டுக்கு வராதே," என்றார், பக்கத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி. நேராக நடந்து போய்ப் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்த நாலு வருடத்தில் எஸ்கிலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளியே மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. சிட்செல் தன் பழைய காரின் பின்கதவைத் திறந்து எதையோ எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

"இப்ப எதுக்குச் சொன்னே?" என்றாள்.

"தெரியல. அவர் முகத்தைப் பார்த்தேன்... நான் செதுக்கினது அவருக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. தாங்க முடியல."

"எங்கப்பாவுக்காகன்னு நினைச்சேன்."

அவன் இமைகளில் பனித்துளி உருகி வழிந்தது. அதைத் துடைக்கவில்லை.

"ரெண்டு பேரும் இருக்கிற படத்தோட நெகடிவ் உன்கிட்டதான இருக்கு?" என்று கேட்டான்.

"இருக்கு. நாலு இருக்கு."

"அதை மாட்டியிருக்கலாமே. மாட்டியிருந்தா நான் வாயைத் திறக்கவே வேண்டியிருந்திருக்காது. ஏன் மாட்டல?"

கதவைப் பட்டென்று சாத்தினாள். அப்போதுதான் அவனை நேராகப் பார்த்தாள்.

"உங்கப்பா மேல இரக்கப்பட்டுன்னு நினைச்சியா?"

தன் உளி செய்ததைத் தானே நின்று பார்க்கத்தான் அந்தப் படத்தை மாட்டினாள் என்று அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான், அடி வாங்கினவன் மாதிரி.

"சிட்செல்... அந்த உளியைப் பிடிச்சிருந்தப்ப உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நினைச்சுக்கிட்டேதான் அடிச்சேன். அதை வச்சுக்கிட்டு, உன்னை எனக்குப் பிடிக்கும்னு சொல்ற யோக்கியதை எனக்கு இல்லை. செப்டம்பர்லயே சொல்லியிருக்கணும். சொல்லாம நாலு மாசம் இருந்து பார்த்தேன். முடியல."

"எனக்கும்தான் பிடிச்சிருக்கு," என்றாள் அவள். குரல் கசந்தது. "அதனாலதான் இவ்வளவு கோபம். வேற எவனாவது செதுக்கியிருந்தா திட்டிட்டு மறந்திருப்பேன். மன்னிச்சிட்டேன்னு மட்டும் என்கிட்ட எதிர்பார்க்காதே. வராது. எப்பவும் வராம போனாலும் போகும்."

"கேட்கல."

பஸ் கிளம்பிப் போனது. அதன் ஜன்னல்கள் நீராவி படிந்து மங்கியிருந்தன. உள்ளே யார் யார் திரும்பிப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

"இப்ப எங்க போவே?" என்றாள் சிட்செல்.

"தெரியல."

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சுற்றிப் போய் முன்சீட்டுக் கதவைத் திறந்து, அங்கே இருந்த மரப்பெட்டியைத் தூக்கினாள்.

"ஏறு. இதை மடியில வச்சுக்க. உள்ள காமிராக் கண்ணாடி இருக்கு, ஆடக்கூடாது."

ஆல்போர்க் வரைக்கும் ஐம்பது கிலோமீட்டர். இருவரும் பேசவில்லை. அவன் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் மூச்சை அடக்கிக்கொண்டு வந்தான்.